வெப்பத்திலிருந்து மின்சாரம் தரும் சிமெண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும், வகுப்பறையானாலும் கட்டுமானத் தளமானாலும், இந்தப் பேச்சு எழுந்தால் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தாம் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை வைத்திருக்கிறோம். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் கணக்குகள் எளிதாகப் பிடிபடும்.

சிமெண்டுல இருந்து கரண்ட் வருதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு. உண்மையா, சும்மாவா?

உண்மைதான். ஒரு பொருளின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால், அதற்குள் நடமாடும் மின்னூட்டங்கள் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கம் நோக்கி நகர்கின்றன. அவை அங்கே சேரச் சேர, இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. தாமஸ் சீபெக் 1821-இல் கண்ட விளைவு இது. ஒரு பாகை வேறுபாட்டுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் கிடைக்கிறது என்பதைத்தான் சீபெக் எண் என்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிமெண்டுக் கல் சூடாக இருந்தால் மட்டும் போதாது. வெயிலில் கிடந்து உள்ளும் புறமும் 50 பாகைக்கு ஏறிய கல் எதையும் தராது. ஒரு பக்கம் 50, மறுபக்கம் 30 என்று இருக்க வேண்டும். வெப்பம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் உயரத்தில் தேங்கி நின்றால் சக்கரம் சுற்றாது, இறங்கி ஓடினால்தான் சுற்றும், வெப்பமும் அப்படித்தான்.

கடையில வாங்குற சாதா சிமெண்டே போதுமா? எதாச்சும் கலக்கணுமா?

கலக்க வேண்டும். காய்ந்த சிமெண்டு ஏறக்குறைய மின்கடத்தாப் பொருள். அதன் சீபெக் எண்ணும் சில மைக்ரோவோல்ட்தான். 1990-களின் இறுதியில் ஆய்வாளர்கள் குட்டையான கார்பன் நாரைச் சிமெண்டில் கலந்து பார்த்தார்கள். நார்கள் ஒன்றையொன்று தொட்டு உள்ளே ஒரு வலை உருவாகும்போது மின்தடை சட்டென்று விழுகிறது. நாரின் அளவு கனஅளவில் அரை விழுக்காட்டுக்கும் ஒரு விழுக்காட்டுக்கும் இடையில் வரும்போது இந்த மாற்றம் நிகழ்கிறது.

பிறகு எஃகு நார், விரிவாக்கிய கிராஃபைட், கார்பன் நுண்குழாய், உலோக ஆக்சைடுத் தூள் எனப் பலவும் முயலப்பட்டன. எஃகு நார் கலந்த சிமெண்டில் பாகைக்கு 68 மைக்ரோவோல்ட் வரை அளந்திருக்கிறார்கள்.

சீபெக் எண் பெரிசா இருந்தா நல்ல கல்லுதானே? அப்புறம் எதுக்கு இசட்-டி, அது இதுன்னு குழப்புறீங்க?

மின்னழுத்தம் இருந்தாலும் மின்னோட்டம் ஓடாவிட்டால் திறன் இல்லை. மாங்கனீஸ் டை ஆக்சைடு நுண்தூள் கலந்த சிமெண்டில் பாகைக்கு 3,000 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய சீபெக் எண் அறிவிக்கப்பட்டது. தலைப்புச் செய்திக்கு ஏற்ற எண்தான். ஆனால் அந்தக் கலவையின் மின்தடை மிக அதிகம் என்பதால் வெளியே எடுக்கக்கூடிய திறன் சொற்பம்.

அதனால்தான் இசட்-டி என்ற அளவு தேவைப்படுகிறது. சீபெக் எண்ணின் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும், கெல்வினில் உள்ள வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக்கடத்துதிறனால் வகுக்க வேண்டும். மின்சாரம் நன்றாக ஓட வேண்டும், வெப்பமோ எளிதில் ஓடிவிடக் கூடாது என்ற இரண்டு கோரிக்கையும் இந்த ஒரே எண்ணில் அடங்கிவிடுகின்றன. வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சந்தையில் கிடைக்கும் தகடுகளில் உள்ள பிஸ்மத் டெலுரைடுக்கு அறை வெப்பநிலையில் இசட்-டி ஏறக்குறைய 1. விரிவாக்கிய கிராஃபைட் கலந்து அழுத்திச் செய்த சிமெண்டுக்கு 2018-இல் கிடைத்தது 0.00068. அன்றைக்கு அது பாராட்டப்பட்ட முன்னேற்றம்.

சும்மா எண் சொல்லாதீங்க, கணக்குப் போட்டுக் காட்டுங்க. ஒரு கல்லு எவ்ளோ தரும்?

சிமெண்டுச் சோதனைக்கு வழக்கமாக வார்க்கும் 40 × 40 × 160 மில்லிமீட்டர் கல்லை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு வசதி உண்டு. நீளம் 16 சென்டிமீட்டர், குறுக்குப் பரப்பு 16 சதுர சென்டிமீட்டர் என்பதால், மின்தடைத்திறன் எத்தனை ஓம்-சென்டிமீட்டரோ அத்தனை ஓம்தான் கல்லின் தடை.

கார்பன் நார் கலந்த நல்ல கல் என்றே வைப்போம்: சீபெக் எண் 30 மைக்ரோவோல்ட், தடை 10 ஓம், முனைகளுக்கு இடையே 20 பாகை வேறுபாடு. மின்னழுத்தம் 0.6 மில்லிவோல்ட். எடுக்கக்கூடிய அதிகபட்சத் திறன், மின்னழுத்தத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு தடையால் வகுத்தால் வருவது: 9 நானோவாட். ஒரு வாட் வேண்டுமென்றால் 110 மில்லியன் கற்கள் வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க, 40 மில்லிமீட்டர் சதுரமுள்ள டி.இ.சி.1-12706 என்ற பெல்டியர் தகட்டை (வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக்கும் கடைத் தகடு) கணக்கில் எடுப்போம். அதற்குள் 127 வெப்பமின் இணைகள். பாகைக்கு ஏறக்குறைய 50 மில்லிவோல்ட். உள்தடை சுமார் 2 ஓம். தகட்டின் இரு பக்கத்துக்கும் இடையே அதே 20 பாகையை நிறுத்த முடிந்தால் 120 மில்லிவாட்டுக்கு மேல் வரும். அந்த ஒரு தகட்டுக்கு ஈடுகொடுக்க நம் கல் கிட்டத்தட்ட 14 மில்லியன் தேவை.

எங்க தாமான் வீட்டு கான்கிரீட் கூரை மத்தியானத்துல கொதிக்குது. அதுல கரண்ட் எடுத்து ஏர்கோன் பில்ல குறைக்க முடியுமா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கூரையில் வெப்பம் உண்டு, வேறுபாடும் உண்டு. ஆனால் கிடைப்பது எவ்வளவு என்று பார்ப்போம். 10 சென்டிமீட்டர் தடிப்பலகை, மேலுக்கும் கீழுக்கும் 10 பாகை வேறுபாடு, கான்கிரீட்டின் வெப்பக்கடத்துதிறன் 1.4 என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் வழியே 140 வாட் வெப்பம் கீழே இறங்குகிறது.

முன்னே சொன்ன கிராஃபைட் கலவையாலேயே கூரை முழுவதையும் வார்த்துவிட்டதாகக் கற்பனை செய்வோம். இந்த அளவு சிறிய இசட்-டி-க்கு, மாற்றும் திறன் என்பது வெப்ப வேறுபாட்டைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து, அதை இசட்-டி-யின் கால் பங்கால் பெருக்கினால் வருவது. 10-ஐ 325-ஆல் வகுத்து 0.00017-ஆல் பெருக்குங்கள், மில்லியனில் ஐந்து பங்கு. ஆக ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் மில்லிவாட். 20 சதுர மீட்டர் கூரை, நாளுக்கு 6 மணி நேரம் என்றால் 0.09 வாட்-மணி. தெனாகா மின்சார பில்லில் ஒரே ஒரு யூனிட் குறைய 30 ஆண்டு ஆகும்.

அதே கூரை வழியே அதே நேரத்தில் 2,800 வாட் வெப்பம் வீட்டுக்குள் இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அதை வெளியே தள்ள ஏர்கோன் ஏறக்குறைய 900 வாட் மின்சாரம் தின்னும். அந்த வெப்பத்தில் பாதியைத் தடுத்தாலும் மிச்சமாவது நூற்றுக்கணக்கான வாட். கல்லில் எடுத்தால் 0.015 வாட். பணம் இருந்தால் கூரைக்கு வெப்பக்காப்பு போடுங்கள், வெள்ளைப் பூச்சு அடியுங்கள், மேலே சூரியத் தகடு வையுங்கள். தகடு நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு 200 வாட் தருவதோடு கூரைக்கு நிழலும் தரும்.

சரி, நூறு கல்லை சீரிஸ்ல போட்டு, பூஸ்டர் சர்க்கியூட் வெச்சா?

20 மில்லிவோல்ட்டிலிருந்தே இயங்கத் தொடங்கி மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எல்.டி.சி.3108 என்ற சில்லு இருக்கிறது, நல்ல சில்லு. 34 கல்லைத் தொடரில் இணைத்தால் 20 மில்லிவோல்ட் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் 34 கல்லின் உள்தடை 340 ஓம். அந்தச் சுற்று உள்ளே இழுக்கும் தடையோ சில ஓம்தான். இணைத்த கணத்தில் 20 மில்லிவோல்ட் 0.2-க்கும் கீழே விழும். சுற்று தொடங்கவே தொடங்காது.

தடையைக் குறைக்கப் பல வரிசைகளைப் பக்கவாட்டில் சேர்க்கலாம். 3 ஓமுக்குப் பொருத்தமாக, சுமை ஏற்றிய பிறகும் 20 மில்லிவோல்ட் நிற்க வேண்டும் என்றால், வரிசைக்கு 67 கல், 220-க்கு மேற்பட்ட வரிசைகள், மொத்தம் ஏறக்குறைய 15,000 கற்கள். எடை 7 டன். அவற்றில் 20 பாகை வேறுபாட்டை நிறுத்தவே 2 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் ஊட்ட வேண்டும். வருவது 0.13 மில்லிவாட்.

இன்னொன்று: ஒரே வகைக் கற்களைத் தொடரில் இணைத்தால் ஒவ்வொரு கல்லின் குளிர்முனையிலிருந்தும் அடுத்த கல்லின் சூடான முனைக்குச் செம்புக் கம்பி ஓட வேண்டும்; அந்தக் கம்பியே வெப்பத்தைக் கடத்தி வேறுபாட்டைக் குறைக்கும். நேர்வகைக் கல்லும் எதிர்வகைக் கல்லும் (சீபெக் மின்னழுத்தத்தின் குறி எதிரெதிராக இருப்பவை) மாறிமாறி வந்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபைனல் இயர் புரோஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்திருக்கேன். என்னென்ன, எவ்ளோ, எப்படிக் கலக்குறது?

மேற்சொன்ன அளவில் மூன்று கல் வார்க்க: சாதாரண போர்ட்லாந்து சிமெண்டு 1,000 கிராம், சிலிக்கா ஃபியூம் 150 கிராம், தண்ணீர் 420 கிராம், மெத்தில் செல்லுலோஸ் 4 கிராம், 5 மில்லிமீட்டர் நீளக் கார்பன் நார் 5 முதல் 10 கிராம், சூப்பர்பிளாஸ்டிசைசர் 10 கிராம் அளவில் தொடங்கிக் கலவையின் இளக்கத்தைப் பார்த்துக் கூட்டலாம், நுரைநீக்கி சில துளி. நாரில்லாத கல் மூன்றும் கட்டாயம் வார்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால் அறிக்கையில் எதையும் நிரூபிக்க முடியாது.

வரிசை முக்கியம். மெத்தில் செல்லுலோஸை முதலில் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அதில் நாரைத் தூவி இரண்டு நிமிடம் கலக்கிப் பிரியவிடுங்கள். நுரைநீக்கியை விடுங்கள், அதை மறந்தால் மெத்தில் செல்லுலோஸ் காற்றைப் பிடித்துவைத்துக் கல் முழுக்கத் துளையாகும். பிறகு சிமெண்டும் சிலிக்கா ஃபியூமும் சேர்த்து ஐந்து நிமிடம் இயந்திரத்தில் கலக்குங்கள். உலர்ந்த சிமெண்டில் நாரைப் போட்டுக் கிளறினால் நார் உருண்டை பிடிக்கும். ஒரு கல்லில் 10 ஓம், அடுத்ததில் 5,000 ஓம் என்று வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சிலிக்கா ஃபியூமை விடவும் கூடாது: அதன் நுண்துகள்கள் நார்களுக்கு இடையே புகுந்து அவற்றைப் பிரித்து வைக்கின்றன.

24 மணி நேரத்தில் அச்சைக் கழற்றி, 28 நாள் ஈரத்தில் பதப்படுத்துங்கள். பிறகு 60 பாகை அடுப்பில், எடை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். அவசரத்துக்கு 105 பாகைக்கு ஏற்றினால் சிமெண்டுப் படிகங்களில் கட்டுண்ட நீரும் வெளியேறி மயிரிழை வெடிப்பு விழும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சிலிக்கா ஃபியூம் நுரையீரலுக்குள் போகும், ஈரச் சிமெண்டின் காரம் தோலை அரிக்கும். பறக்கும் கார்பன் நார் அருகிலுள்ள கணினிக்குள் புகுந்து ஷார்ட் ஆக்கும் என்பதால் நாரை வெட்டும் இடம் தனியாக இருக்கட்டும்.

கல்லைச் சூடே பண்ணல, ஆனா மீட்டர் 300 மில்லிவோல்ட் காட்டுது! பெரிய கண்டுபிடிப்பா இது?

இல்லை, அது பேட்டரி. ஈரச் சிமெண்டு நல்ல மின்பகுளி. அதில் ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் துத்தநாகம் பூசிய ஆணியும் செருகினால் பல நூறு மில்லிவோல்ட் வரும். துத்தநாகம் கரையும்வரை வந்துகொண்டிருக்கும். முதல் கேள்வியில் சொன்ன மாதிரி வீடியோக்களில் எல்.இ.டி. எரிவதைக் கண்டால் முதலில் முனைகள் என்ன உலோகம் என்று பாருங்கள். சூடாக்கினால் அரிமானம் வேகமாகி மின்னழுத்தமும் கூடலாம். பார்ப்பவருக்கு வெப்ப மின்சாரம் போலவே தோன்றும்.

பிரித்தறிய மூன்று சோதனைகள். முதலாவது, இரு முனையிலும் ஒரே உலோகம், ஒரே வெள்ளிப் பூச்சு போட்டு, வெப்ப வேறுபாடு இல்லாமல் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். இரண்டாவது, சூடான முனையையும் குளிர்முனையையும் இடம் மாற்றுங்கள், கம்பிகளைத் தொடாதீர்கள். சீபெக் மின்னழுத்தம் என்றால் குறி தலைகீழாகும். பேட்டரி என்றால் குறி அப்படியே நிற்கும். மூன்றாவது, 5, 10, 15, 20 பாகையில் அளந்து கோடு வரையுங்கள். சீபெக் எண் என்பது அந்தக் கோட்டின் சாய்வு. 20 பாகையில் ஒரே ஒரு முறை அளந்து வகுத்தால், முனை உலோகத்தின் பொய்யும் அதில் கலந்துவிடும்.

உலர்ந்த கல்லுதான், முனையும் ஒரே உலோகம்தான். ஆனாலும் ரீடிங் ஓடிக்கிட்டே இருக்கே?

நம் ஊர்க் காற்றைச் சந்தேகியுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த கல்லைத் திறந்து வைத்தால் கோலாலம்பூர் ஈரப்பதத்தைக் குடித்து சில மணி நேரத்திலேயே தடை மாறத் தொடங்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் ஆறவிட்டு, பக்கங்களில் பாரஃபின் மெழுகு பூசி அளவெடுங்கள்.

வேறுபாட்டைக் கூட்டக் குளிர்முனையைப் பனிக்கட்டியில் வைப்பது பலர் செய்யும் தவறு. இங்கே பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 பாகையை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே போன எந்தப் பரப்பும் வியர்க்கும், கல் நனையும், முன் கேள்வியில் பார்த்த பேட்டரி மறுபடி முளைக்கும். குளிர்முனை 28 முதல் 30 பாகையில் இருக்கட்டும், சூடான முனையை 50 வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை நிலைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். இந்த நீளக் கல்லுக்கு அது மணிக்கணக்கில் ஆகலாம்.

மீட்டரும் காரணமாகலாம். 0.1 மில்லிவோல்ட்டுக்குக் கீழே காட்டாத சாதாரண மல்டிமீட்டரில் 0.6 மில்லிவோல்ட்டை அளந்தால் வரைபடம் படிக்கட்டாகத்தான் வரும். மைக்ரோவோல்ட் காட்டும் மீட்டரைப் பயன்படுத்துங்கள். வெப்ப இரட்டையை (இரு உலோகக் கம்பிகள் சேர்ந்த வெப்பநிலை உணரி) மின்னழுத்தக் கம்பி தொடும் அதே புள்ளியில் ஒட்டுங்கள். தடையை நான்கு முனை முறையில் (மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பி, மின்னழுத்தத்துக்குத் தனியே இரண்டு) அளந்தால் தொடுகைத் தடை விலகிவிடும். செம்புக் கம்பிக்கே பாகைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோவோல்ட் சீபெக் எண் உண்டு. அதையும் கணக்கில் சரிசெய்யுங்கள்.

கார்பன் நார் விலை கட்டுப்படியாகல. நம்ம செம்பனை ஓட்டுக் கரியைப் பொடிச்சுப் போட்டா என்ன?

எப்படிச் சுட்ட கரி என்பதைப் பொறுத்தது. 400, 500 பாகையில் சுட்ட சாதாரணக் கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. 800 பாகைக்கு மேல் சுட்டால்தான் கடத்துதிறன் நன்றாகக் கூடுகிறது. சோதிப்பது எளிது: தூளை ஒரு பிளாஸ்டிக் குழாயில் இட்டு, இரு பக்கமும் போல்ட்டால் இறுக்கி, தடையை அளங்கள். கிலோ ஓம் கணக்கில் காட்டினால் அந்தக் கரியை விட்டுவிடுங்கள்.

நல்ல கரியாக இருந்தாலும் துகள் வடிவம் நாரைப் போல நீளமில்லை. வலை உருவாகப் பல மடங்கு அதிகம் போட வேண்டும். கரி தண்ணீரையும் குடிக்கும், அதனால் கலவை இறுகும், தண்ணீர் கூட்டினால் வலிமை இறங்கும். செம்பனை ஆலைச் சாம்பலோ வேறு சங்கதி. அதில் பெரும்பகுதி சிலிக்கா. சிமெண்டுக்குப் பகுதி மாற்றாக நல்லது, மின்சாரம் கடத்தாது.

சீனாவுல பாகைக்கு 40 மில்லிவோல்ட் தர்ற சிமெண்டு செஞ்சிட்டாங்களே. உங்க கணக்கெல்லாம் பழசாயிடுச்சே?

நாஞ்சிங்கிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 2025-இல் வெளியிட்ட ஆய்வு அது. சிமெண்டையும் பாலிவினைல் ஆல்கஹால் ஹைட்ரோஜெல்லையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்த பொருள், பாகைக்கு 40.5 மில்லிவோல்ட், இசட்-டி 0.066. உண்மையிலேயே பெரிய பாய்ச்சல். அங்கே நகர்வது எலெக்ட்ரான் அல்ல, அயனி. ஹைட்ராக்சைடு அயனி ஜெல் வழியே எளிதாக ஓடுகிறது. கால்சியம் அயனி சிமெண்டுப் பரப்பில் பிடிபட்டு நிற்கிறது. இந்த வேகப் பிளவுதான் பெரிய மின்னழுத்தத்தைத் தருகிறது.

ஆனால் அயனி செம்புக் கம்பிக்குள் நுழையாது. முனையில் வந்து குவியும், வெளிச்சுற்றில் அதற்கு ஈடான மின்னோட்டம் கொஞ்ச நேரம் ஓடும், நின்றுவிடும். வேறுபாட்டை நீக்கி மறுபடி ஏற்படுத்தினால்தான் அடுத்த சுற்று. அதாவது மின்தேக்கியைப் போல வேலை செய்கிறது. அதனால் இதன் இசட்-டி-யை பிஸ்மத் டெலுரைடின் இசட்-டி-யோடு நேருக்கு நேர் வைக்கக் கூடாது. ஜெல்லின் ஈரம் நம் ஊர்க் கூரை வெயிலில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதையும் கேட்டாக வேண்டும். நாங்கள் ஆவலோடு பார்க்கும் திசை இதுதான். கூரையில் போடும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

அமெரிக்காவுல எம்.ஐ.டி. செஞ்ச சிமெண்டு பேட்டரியும் இதுவும் ஒண்ணா?

இல்லை. 2023-இல் வந்த அந்தப் பொருள் சிமெண்டும் கார்பன் கறுப்பும் சேர்ந்த மின்தேக்கி. 45 கனமீட்டர் இருந்தால் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது.

கூரை வேணாம், ஆலையில பாய்லர், சூளை இதெல்லாம் 300 பாகைக்குச் சூடா இருக்கே. அங்க வெச்சா?

வேறுபாடு பெரிதாகக் கிடைக்கும் என்பது சரி. சிமெண்டுதான் தாங்காது. 100 பாகையைத் தாண்டியதும் சிமெண்டுக் கல்லின் பிணைப்பு நீர் படிப்படியாக வெளியேறத் தொடங்கும்; 400-க்கு மேல் கால்சியம் ஹைட்ராக்சைடும் சிதையும். கல் சுருங்கி வெடிக்கும், நார் வலை அறும். அந்த இடத்துக்கு உயர்வெப்பத்துக்கென்று செய்த தகடுகள் இருக்கின்றன. மேலே சொன்ன 12706 தகட்டையும் அங்கே வைக்காதீர்கள். அதன் பற்றவைப்பு 138 பாகையில் உருகும்.

அப்ப எதுக்குத்தான் இது உதவும்?

உணர்கருவிக்கு. திறன் தேவையில்லாமல் மின்னழுத்தம் மட்டும் போதும் என்ற இடத்தில் இந்தக் கல் நன்றாகவே வேலை செய்கிறது. கார்பன் நார்ச் சிமெண்டையும் எஃகு நார்ச் சிமெண்டையும் ஒட்ட வார்த்தால் அந்தச் சந்திப்பே வெப்ப இரட்டையாகிறது. பாகைக்கு 70 மைக்ரோவோல்ட் அளவில் அளந்திருக்கிறார்கள். கடையில் வாங்கும் கே-வகை வெப்ப இரட்டை தருவது சுமார் 41.

தடித்த அடித்தளக் கான்கிரீட் வார்க்கும்போது நடுப்பகுதி எவ்வளவு சூடாகிறது என்று தெரியாவிட்டால் வெடிப்பு விழும். சுவரில் தீயின் வெப்பம் எங்கே ஏறுகிறது என்பதும் அறிய வேண்டிய ஒன்று. கட்டடத்தின் உடம்பே அதைச் சொல்லுமானால், தனியாகக் கருவி புதைத்து, அது கெட்டால் தோண்டிப் பார்க்கும் வேலை இல்லை. புரோஜெக்ட் தேடும் மாணவர்கள் இந்தப் பக்கம் வந்தால் செய்து முடிக்கக்கூடிய, அளந்து காட்டக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

ஒருத்தர் ‘மின்சாரச் செங்கல்’ விக்க வர்றார். வாங்கலாமா, என்ன கேக்கணும்?

எத்தனை வோல்ட் என்று கேட்காதீர்கள். எண்கள் எளிதாகப் பெரிதாகக் காட்டப்படும். எத்தனை பாகை வேறுபாட்டில், எந்தச் சுமைக்கு, எத்தனை மணி நேரம் தொடர்ந்து, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள். நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் பணத்தை எடுக்க வேண்டாம்.

செய்துகாட்ட ஒப்புக்கொண்டால், ஒரு கல்லை வாங்கி நிழலில் ஒரு இரவு வையுங்கள். கல் முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மீட்டரை வையுங்கள். அப்போதும் மின்னழுத்தம் காட்டினால் அது பேட்டரி. பிறகு ஒரு பக்கத்தைச் சூடாக்கி, 10 ஓம் மின்தடையைக் குறுக்கே இணைத்து, அதன் மேல் நிற்கும் மின்னழுத்தத்தை ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள். அதன் வர்க்கத்தை 10-ஆல் வகுத்தால் உங்களுக்குக் கிடைக்கும் வாட். அதைக் கல்லின் விலையோடு வைத்துப் பாருங்கள்.